புதுப்பிப்பு: மகளுக்கு மாதுமை எண்டே வைச்சாச்சு

போன மாசம் "மாதுமை" எண்ட பேருக்கு என்ன கருத்து, வேற ஆருக்கும் இந்தப் பேர் இருக்கோ எண்டு கேட்டிருந்தனான். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நான் முதல்ல மா, துமை எண்டு பிரிச்சுப் பார்த்துத்தான் குழம்பினது. மாது + உமை எண்டு பிரிக்கச் சொன்ன அக்காதான் சரி. மாது எண்ட சொல்லின்ர கடைசி உகரம் குற்றியலுகரம், பின்னால உயிரெழுத்து வந்தா அது போயிடும், அதால மாதுமை. மாது எண்டா பெண், மாதாகிய உமை, அவ்வளவுதான். கோணேசர் கோயில் அம்பாள் மாதுமையாள், இஞ்ச திருகோணமலையில எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், ஆனா பிள்ளைக்கு வைச்ச ஆக்களை எங்கட சொந்தத்துக்குள்ள ஒருத்தரையும் காணேல்ல, உமா, உமையாள் எண்டுதான் இருக்கினம். தமிழ்நாட்டில இருக்கிற மச்சாளும் இப்பதான் கேள்விப்படுறாவாம்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு அம்மம்மா பிள்ளையின்ர காதுக்குள்ள மூண்டு தரம் சொன்னவ, மூண்டாந்தரம் அவவுக்குக் குரல் அடைச்சிட்டுது, எனக்கும் கண் கலங்கிட்டுது.

எதிர்பாராத ஒரு விசயம், கிளினிக் கார்டில இங்கிலீஷ்ல எழுதினதைப் பார்த்து ஒருத்தர் "மதுமை" எண்டு வாசிச்சார், மாவும் மவும் அதில ஒண்டாத்தான் தெரியுது. அதால பதிவுக்குப் போகேக்க தமிழ்ல பெருசா எழுதிக் கொண்டுபோனன், பதிஞ்சதை எழுத்தெழுத்தா வாசிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து வைச்சனான். இந்தப் பேர் வைக்கிற ஆக்கள் கட்டாயம் அப்பிடிச் செய்யுங்கோ.