புதுப் பனி விழுந்த மறுநாள்: பனிச்சரிவு அனுபவங்கள்

திருநகரிலிருந்து:

ஜனவரி, பிப்ரவரியில் இமயமலை ஏறப் போகிறவர்கள் மதுரையில் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மணாலிக்கு மேலே சோலாங் பக்கம் போயிருந்தோம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டித் தீர்த்தது. காலையில் பளிச்சென்று வெயில். எல்லோருக்கும் உடனே கிளம்பிவிடத் துடிப்பு. வழிகாட்டி உள்ளூர்க்காரர். காடு முடிந்து வெட்டவெளிச் சரிவு தொடங்கும் இடத்தில் எங்களை நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஓரமாகக் கால் வைத்தார். அடியில் 'வும்' என்று ஒரு சத்தம். காதுக்குக் கேட்டதைவிடக் காலுக்குத்தான் அதிகம் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து பனியில் ஒரு விரிசல் சரசரவென்று ஓடியது. வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகத் திரும்பி மரங்களுக்குள் வந்தோம்.

அப்புறம், ஆபத்தில்லாத ஒரு மேட்டில் குழி தோண்டிக் காட்டினார். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனியைத் தூணாக வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்பது கணக்கு. முழங்கைத் தட்டு ஆரம்பித்ததுமே மேல்பாதி முழுப் பலகையாக நழுவி விழுந்தது. அதற்கடியில் இருந்த பனியை அள்ளிக் கொடுத்தார். சீனி மாதிரி உதிர்ந்தது, எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வரவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, பிறகு மேகமில்லாத கடுங்குளிர் நாட்கள் தொடர்ந்தால் இப்படி ஆகும். தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மேற்பரப்போ அதைவிட எவ்வளவோ குளிர்ந்து கிடக்கும். அந்த வித்தியாசத்தில் நீராவி மேலே ஏற ஏற, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத பருமணிகளாக மாறிவிடும். அடுத்து விழும் கனத்த பனி அதன்மேல்தான் உட்காருகிறது. சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் ஒரு ஆளின் எடையே அதை அவிழ்த்துவிடப் போதும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். பனி கொட்டி முடிந்த முதல் வெயில் நாளை நம்பாதீர்கள். காசு கட்டியாச்சே என்று வழிகாட்டியை நெருக்கவும் வேண்டாம்.

பேரையூரிலிருந்து:

ராணுவத்தில் இருந்தவன். மேலே எங்களைக் கயிற்றில் பிணைத்து, சூரியன் ஏறுவதற்கு முன்பே நடத்திவிடுவார்கள். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்சாவடி புதைந்தபோது அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட் காவலில் இருந்த 10 பேரும் பனிக்குள் சிக்கினார்கள். மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவரும் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவரும் அதில் உண்டு. அவர்களில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அத்தனை பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை தம்பிகளா.

ஆனையூரிலிருந்து:

சதுரகிரியும் கொழுக்குமலையும் ஏறிப் பழகியவன் அண்ணே. அந்தப் பழக்கம் போதுமா?

திருநகரிலிருந்து:

மூச்சுக்கும் காலுக்கும் போதும் தம்பி. பனிக்கு அது உதவாது. புதைந்தவரை ஏறக்குறைய 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதன்பின் மூச்சடைத்து வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் நேரம் கடந்துவிடும், கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும். ஆகவே பணம் கட்டுமுன் கூட்டிப்போகிறவரிடம் கேளுங்கள்: புதைந்தாலும் ஆள் இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி ஆளுக்கொன்று, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் தருவார்களா? கிளம்புமுன் அதில் தேடிப் பழக்குவார்களா? சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை தினமும் பார்ப்பார்களா? சரியாகப் பதில் வரவில்லையென்றால் ஏப்ரல், மே மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், அப்போது ஈரப்பனி சரியும். வேறு ஆளைப் பாருங்கள்.