பக்கநாடு கிணத்துக் கல்லு: புரோக்கர் சொல்றது நிஜமா?

மேட்டுக்காடு:
எடப்பாடி பக்கம் பக்கநாட்டுல மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் இருக்குதுங்க. கிணத்தை ஆழப்படுத்தினப்போ வெள்ளைக்கல்லு வந்துச்சு, நடுவுல தேன் கலர்ல பொடி மணி. ஒரு புரோக்கர் "ரேர் எர்த்" இருக்குன்னு மூணு மடங்கு விலை பேசறாரு. சேலத்துல வெள்ளைக்கல்லுன்னா மேக்னசைட்ங்கற மெக்னீசியம் கல்லுதானே?

கஞ்சமலை கார்த்தி:
மேக்னசைட்தாங்க. வித்துட்டுப் போங்க.

பாறைவாத்தியார்:
கார்த்தி, அவசரப்படாதீங்க தம்பி. மேக்னசைட் சேலம் டவுனை ஒட்டின கரட்டுல, டூனைட் பாறைக்குள்ள நரம்பு நரம்பா ஓடறது. பக்கநாட்டு வெள்ளைக்கல்லு கார்பனடைட்டா இருக்கலாம். அது மேக்மாவா, அதாவது உருகின பாறைக் குழம்பா வந்து உறைஞ்ச சுண்ணாம்பு.

ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல சுத்தியலோட நின்னு பஸ் டிரைவர்கள்கிட்ட வாங்காத திட்டு இல்ல நான். அங்க தெரியற கருநீலப் பாறை சார்னோகைட், சுமார் 250 கோடி வருசத்துக்கு முன்னால பூமியோட அடி ஓட்டுல வெந்தது. பக்கநாட்டுக் கார்பனடைட் ரொம்பப் பின்னாடி, ஏறக்குறைய 75 கோடி வருசம் முன்ன, பழைய பாறையைப் பிளந்து மேல வந்தது. ரேர் எர்த்னு சொல்ற லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் தடிச்ச அயனிங்க. ஆலிவின், பைராக்சின் மாதிரி சாதாரணப் பாறைக் கனிமங்களோட படிகத்துல அதுகளுக்கு சீட் கிடைக்காது. கடைசி வரைக்கும் குழம்புலயே தொங்கும். அப்படி மிஞ்சின குழம்புல மோனசைட்ங்கற ரேர் எர்த் கனிமம் உண்டாகுது.

வீட்டுல பாத்ரூம் ஆசிட் இருந்தா கல்லு மேல ஒரு சொட்டு விடுங்க, தள்ளி நின்னு. மேக்னசைட் அவ்வளவா நுரைக்காது. கால்சைட்டுன்னா, அதாவது சுண்ணாம்புக் கனிமம்னா, உடனே பொங்கும்.

மேட்டுக்காடு:
சோடா மாதிரி பொங்குச்சுங்க சார்! அப்ப புரோக்கர் சொன்னது சரியா?

பாறைவாத்தியார்:
இதுல சுண்ணாம்பு கல்லுங்கறது மட்டும்தான் தெரியுது. மணி மோனசைட்டான்னு லேப்தான் சொல்லணும். பழுப்பா, கனமா இருந்தா வாய்ப்பிருக்கு. ஆனா ஒரு கிணத்துல நாலு மணி கிடைச்சா சுரங்கமாயிடாது. எத்தனை ஆழத்துக்கு, எவ்வளவு அகலத்துக்குன்னு போர் போட்டு அளந்தாத்தான் கணக்கு. மோனசைட்டுல தோரியம்ங்கற கதிர்வீச்சு உள்ள தனிமம் உண்டுங்க, அணுக் கனிமப் பட்டியல்ல வர்றது. நீங்களோ புரோக்கரோ தோண்டி விக்க முடியாது. அந்த மூணு மடங்கை யார் கொடுப்பாங்கன்னு அவரையே கேளுங்க. மணியைப் பொடிச்சுப் பாக்கறேன்னு தூசியை இழுத்துராதீங்க.

அது சரி, கிணத்துல தண்ணி வந்துச்சா?

மேட்டுக்காடு:
ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடுதுங்க. கொஞ்சம் உப்பு.