அப்பையா விருது: குடும்பக் குழு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். ஐயாவின் நினைவு இலக்கிய விருது விழா அடுத்த ஞாயிறு மாலை 4 மணி. நிகழ்ச்சி நிரல்: மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை ஐந்து பேர், நடுவர் உரை, விருது வழங்கல், ஏற்புரை, நன்றியுரை. ஆளுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் பேச்சுகள் மட்டும் ஒரு மணித்தியாலத்தில் முடியும். பிரதம விருந்தினர் பிந்தினால் விளக்கேற்றலைப் பின்னுக்குத் தள்ள முடியாது, ஆகவே ஆசியுரையை முன்னுக்கு

குட்டித்தம்பி: ஐந்து வாழ்த்துரையா 😭

கோண்டாவில் மாமி: கண்ணாடி மாஸ்ரர் போன முறை மைக்கை விட்டவரா?

பெரியப்பா: அவர் ஐயாவின் மாணவர்.

கோண்டாவில் மாமி: ஐயாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. தன் பென்சன் கதைதான்.

கனடா சித்தப்பா: 4 மணி என்றால் இங்கே விடிய 6.30. 6 மணிக்கு வையுங்கோ.

லண்டன் மச்சாள்: எங்களுக்கு 4 நல்லது. பகல் 11.30

கோண்டாவில் மாமி: 6 மணிக்கா? நல்லூர்த் திருவிழா நேரம், கோயிலடி றோட்டெல்லாம் மூடியிருக்கும். சனம் சுவாமி பார்க்கப் போகுமா, உங்கடை பொன்னாடை பார்க்க வருமா?

கனடா சித்தப்பா: வீரசிங்கம் மண்டபம் எடுத்தால் என்ன? கோயிலுக்குத் தூரம்தானே.

கோண்டாவில் மாமி: வருகிற 60 பேருக்கா அவ்வளவு பெரிய மண்டபம்

பெரியப்பா: அங்கே வேண்டாம். 1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டுக் கடைசி நாள். சனம் உள்ளே கொள்ளாமல் வெளியில்தான் கூட்டம். பொலிஸ் புகுந்து, மின்கம்பி அறுந்து விழுந்து, சனம் செத்தது. அந்த வாசலில் நின்று வரவேற்பு சொல்ல எனக்கு இன்னும் மனம் வராது.

கனடா சித்தப்பா: என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினீங்கள் அண்ணை. மறக்கவில்லை.

கனடா சித்தப்பா: போன முறை பனரில் என் பெயர் போட மட்டும் மறந்தீங்கள்

கோண்டாவில் மாமி: தொடங்கிட்டுது

குட்டித்தம்பி: நேரலை பற்றி. போன முறை போனை மேசையில் வைத்து எடுத்ததால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இந்த முறை சவுண்ட் செற்காரரின் மிக்ஸரில் இருந்து நேரே வயர் எடுக்கிறேன். கரண்ட் போய் ஜெனரேற்றர் வரும் இடைவெளியில் ரவுட்டர் நின்றுவிடும், அதற்கு ஒரு யூபிஎஸ் வேண்டும். விருது கொடுக்கும்போது சினிமா இசை போட்டால் யூடியூப் காப்புரிமை என்று சத்தத்தை எடுத்துவிடும். நாதஸ்வரத்தை மேடையிலேயே வாசிக்க வையுங்கோ

கோண்டாவில் மாமி: வடையா றோல்ஸா? விரத காலம், மரக்கறி றோல்ஸ்தான்.

ரூபி அக்கா: 📷 கேடயம் வந்துட்டுது. வடிவாக இருக்கு 😍

குட்டித்தம்பி: அக்கா அழி!!! பெயர் தெரியுது

ரூபி அக்கா: எல்லாரும் வீட்டு ஆட்கள்தானே

லண்டன் மச்சாள்: குறும்பட்டியலில் இருக்கிற மற்றப் பிள்ளை என் மாமியாரின் பெறாமகள். பார்த்துட்டேன்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கனடா சித்தப்பா: என்ன படம்? எனக்கு ஒன்றும் வரவில்லை

பெரியப்பா: உறையை மேடையில் பிரிப்பது என்று முடிவெடுத்தது எதற்கு? கடைக்காரரிடம் வெறும் கேடயம் வாங்கி, பெயர்த் தகட்டைப் பிறகு ஒட்டச் சொன்னேன்.

ரூபி அக்கா: ஒட்டினால் கழரும் பெரியப்பா. 2017 ஒஸ்காரில் உறையே மாறிப்போனது, அதைவிட இது பரவாயில்லை

லண்டன் மச்சாள்: இரண்டு பேருக்கும் கொடுக்கலாமே. 2019 புக்கர் நாவல் பரிசு அப்படித்தானே, அற்வுட்டுக்கும் எவரிஸ்ரோவுக்கும்.

பெரியப்பா: புக்கர் விதியில் அது இல்லை. நடுவர்கள் பிடிவாதமாக நின்றதால் பரிசுப் பணத்தைப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் நடுவர்கள் மூவரும் ஒரே பெயர் சொன்ன பிறகு நாங்கள் எப்படி

கனடா சித்தப்பா: காசு ஒருவருக்குத்தான் அனுப்பினேன்.

கோண்டாவில் மாமி: அந்தப் பெறாமகள் விழாவுக்கு வருமா?

லண்டன் மச்சாள்: இப்ப எப்படித் தெரியும். மாமியார் கோல் எடுக்கிறா

ரூபி அக்கா: மன்னிக்கவும் 🙏

பெரியப்பா: நேரம் 4 என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். வாழ்த்துரையில் ஒருவரைக் குறைக்கலாம்.

குட்டித்தம்பி: கண்ணாடி மாஸ்ரர்?

பெரியப்பா: அவரிடம் யார் சொல்வது?

கோண்டாவில் மாமி: நான் இல்லை

கனடா சித்தப்பா: 5 மணிக்கு வைத்தால் என்ன?

குட்டித்தம்பி: யூபிஎஸ் யாரிடமாவது இருக்கா