பழைய ஜீப் முக பிக்கப்: முன்பக்கத்தை எந்த வரிசையில் கழற்றணும்?

உவரி லோடு:
ஜீப் மாதிரி வட்ட ஹெட்லைட் உள்ள பழைய பிக்கப். உவரி கரையில் மீன் பெட்டி ஏற்றின வண்டி. டிங்கரிங்குக்கு முன்னால் பம்பர், கிரில், மட்கார்டு, பானட் எல்லாம் கழற்றணும். எதிலிருந்து தொடங்க? மட்கார்டு போல்ட் அசையவே மாட்டேங்கு. கேஸ் வச்சு அறுத்துரலாமா?

பாளை டிங்கர்:
அவசரப்பட்டு அறுக்காதீங்க அண்ணாச்சி. முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்க. அடுத்து பானட், ரெண்டு ஆள் வேணும். கழற்றும் முன்னாடி கீலையும் தகரத்தையும் சேர்த்து 3 மி.மீ. துளை ரெண்டு போடுங்க. திரும்ப மாட்டும்போது டிரில் பிட்டைச் செருகினா பழைய இடத்திலேயே உட்காரும். மார்க்கர் கோடு தின்னர் பட்டா போயிரும்.

பிறகு பம்பர், ஹெட்லைட். வெளி வளையம், உள்ளே லைட்டைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஸ்பிரிங்கோட இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவைத் தொடாதீங்க, அது வெளிச்சத்தை ஏத்தி இறக்க. இந்த வகை வண்டியில் ரேடியேட்டர் கிரில்லோட சேர்ந்து நிற்கும். அதனால கிரில்லைக் கழற்றும் முன்னாடி, இன்ஜின் ஆறினதும் கூலன்ட்டை, அதாவது ரேடியேட்டர் தண்ணியை, பாத்திரத்தில் பிடிங்க. தரையில் விட்டா நாய், ஆடு நக்கும். இனிப்பா இருக்கும், விஷம்.

மட்கார்டு கடைசி. இடையில் கிடக்கிற வாஷர், தகரத் துண்டு எல்லாத்தையும் எந்த போல்ட்டில் எத்தனைன்னு எழுதி அதிலேயே கட்டி வைங்க. பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி சரியா வருவதே அதுலதான்.

அம்பை ஸ்பேனர்:
துரு போல்ட்டுக்கு: கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் ஆயில் அடிச்சு, ராத்திரி விட்டு மறுநாளும் அடிங்க. முதல்ல கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைச்சுப் பார்த்துட்டு அப்புறம் திருப்புங்க. பழைய ஜீப் வழி வண்டியில் இன்ச் போல்ட்டும் மில்லிமீட்டரும் கலந்து கிடக்கும். 1/2 இன்ச்சுன்னா 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் ஏறும், ஆனா துரு தின்ன தலையை மழுக்கிரும். ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர்தான் போடணும்.

உவரி லோடு:
உள்பக்க நட் சேர்ந்து சுத்துதே?

அம்பை ஸ்பேனர்:
அப்ப கிரைண்டரால் தலையை மட்டும் வெட்டுங்க, தகரத்தில் படாம. கேஸ் வைக்கிறதுன்னா வயரிங்கும் பிரேக் ஹோஸும் பக்கத்தில் இருக்கான்னு பார்த்துட்டு, வாளியில் தண்ணி வச்சுட்டு.

பாளை டிங்கர்:
கழற்றினதை நல்ல தண்ணியில் கழுவிக் காயவைங்க. உப்பு உள்ளே இருந்தா, பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமருக்கு அடியிலேயே குமிழ் வரும். தென்மேற்குக் காத்து அடிக்கும்போது வெளியில் பிரைமர் வேண்டாம், தேரி மணல், நம்ம பக்கத்து செம்மணல், ஒட்டிக்கும்.