தோமா தொட்டான் என்று எந்த வசனம் சொல்கிறது?

நாசரேத்தான்:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொந்தக்காரர் வற்புறுத்தினார் என்று ஒரு உபவாசக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கியார் பெயர் வேண்டாம். "தோமா விலாவுக்குள்ள கையை விட்டுத் துழாவிப் பாத்துட்டுத்தான் நம்புனான். அவனை மாதிரி சந்தேக ஆவி பிடிச்சவங்க இங்க இருந்தா இப்பவே மனந்திரும்புங்க" என்று மைக்கில் கத்தினார். எனக்கு முன் வரிசையில் ஒரு கல்லூரிப் பிள்ளை. அப்படியே தலையைக் குனிந்துகொண்டது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. கூட்டம் முடிகிறவரை நிமிரவே இல்லை.

ஓய்வுநாள் பாடசாலையில் 31 வருஷம் பாடம் எடுத்தவன் கேட்கிறேன். உயிர்த்த ஆண்டவரின் காயங்களில் விரலையும் கையையும் போட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷன்தான் தோமா. ஆனால் அவன் தொட்டான் என்று எங்கே எழுதியிருக்கிறது? யோவான் 20:27-இல் ஆண்டவர் விரலை நீட்டு, கையைப் போடு என்கிறார். 28-இல் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறான். நடுவே விரலும் இல்லை, கையும் இல்லை. 29-இல் ஆண்டவர் "நீ என்னைக் கண்டதினாலே விசுவாசித்தாய்" என்கிறார். தொட்டதினாலே என்று சொல்லவில்லை. வேதத்தில் இல்லாததை மேடையில் சொல்லி ஒரு பிள்ளையைக் குனியவைக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சீயோன்வாசல்:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிரதர், நீங்க வசனம் கேட்கப் போனீங்களா, ஊழியக்காரர்கிட்ட குத்தம் பிடிக்கப் போனீங்களா? ஆண்டவரே "உன் கையை நீட்டி, என் விலாவிலே போடு"ன்னு சொன்ன பிறகு தோமா சும்மா நின்னாருன்னா அது கீழ்ப்படியாமை இல்லையா? கானாவூர் கல்யாணத்துல ஜாடியில தண்ணி நிரப்புங்கன்னார், நிரப்பினாங்க. சொன்னா செய்றதுதான் சீஷனுக்கு அழகு. தொட்டார். இதுல சந்தேகம் வேறயா?

நாசரேத்தான்:
கானாவூரை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 2:7-ஐ முழுசாகப் படியுங்கள். "ஜாடிகளிலே தண்ணீர் நிரப்புங்கள் என்றார்; அவர்கள் அவைகளை நிறைய நிரப்பினார்கள்." சொன்னதும் இருக்கிறது, செய்ததும் இருக்கிறது. அதே யோவானுக்கு 20-ஆம் அதிகாரம் வரும்போது மை தீர்ந்துபோயிற்றா? தொட்டான் என்று காட்டுங்கள்.

பரங்கிமலை அந்தோணி:
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தோமையார் திருத்தூதர். "கேட்டான்", "என்கிறான்", "அவன்"னு எழுதாதீங்க. நான் பிறந்து வளர்ந்தது, அவர் உயிர்விட்டதா நாங்க நம்பற பரங்கிமலை அடிவாரத்துல. எங்க பாட்டி முட்டிவலியோட படி ஏறும்போதுகூட அவரை "ஐயா"ன்னுதான் கூப்பிடுவாங்க.

தொட்டாரா இல்லையாங்கறதுக்கு வர்றேன். வசனம் வசனம்னு உங்க சீர்திருத்த சபை ஆளுங்க 500 வருஷமாத்தான் பேசறீங்க. ஆதித் திருச்சபை ஆயர் அகுஸ்தினார் 1,600 வருஷத்துக்கு முன்னாடியே யோவான் நற்செய்தி விளக்கவுரையில, தோமையார் மனிதரைக் கண்டு தொட்டார், கடவுளை அறிக்கையிட்டார்னு எழுதிட்டார். அவரைவிட நீங்க படிச்சவரா?

நாசரேத்தான்:
அகுஸ்தினாரைப் பாதியில் மூடி வைத்துவிட்டீர்கள். அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். ஆண்டவர் தொடக் கொடுத்தும் சீஷன் தொடத் துணியவில்லை என்றும் சொல்லலாம், ஏனென்றால் தோமா தொட்டான் என்று எழுதியிருக்கவில்லை என்கிறார். நான் சொல்வதைத்தான் உங்கள் அகுஸ்தினாரும் சொல்லியிருக்கிறார்.

"அவன்" என்பது என் மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "என்றான்" என்றுதான் இருக்கிறது. பேதுருவும் அவன்தான், பவுலும் அவன்தான். சாமுவேல் தீர்க்கதரிசியும் அவன்தான்.

பரங்கிமலை அந்தோணி:
"என்றும் சொல்லலாம்"னுதான் சொல்றார். தொடலைன்னு அடிச்சுச் சொல்லலையே. முதல்ல தொட்டார்னு எழுதினதும் அவர்தான். உங்களுக்கு வசதியான பாதியை நீங்க எடுத்துக்கறீங்க.

1995-ல வந்த பைபிள் பொது மொழிபெயர்ப்புல "என்றார்"னு அழகா இருக்கு. சீர்திருத்தம் பேசற சபை இன்னும் திருத்தூதரை அவன் இவன்னு கூப்பிடுது.

உப்பளக்காற்று:
அண்ணாச்சி, அந்தோணி அண்ணா, ரெண்டு பேரும் கோபப்படாதீங்க. சந்தேகம் வேற, அவிசுவாசம் வேற இல்லையா? அந்தப் பிரசங்கியார் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டார், அதுதானே அந்தப் பிள்ளையைக் குனிய வச்சுது. எதைச் சந்தேகம்னு சொல்றோம்னு முதல்ல பேசிட்டு மத்ததைப் பேசலாமா?

எனக்கும் இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் "ஜெபம் பண்ணுங்க அக்கா"ன்னு வந்து நிப்பாங்க. பண்றேன். காலையில ஸ்டேட்டஸ்ல வசனமும் போடறேன். சில நாள் அதைப் போடும்போது எனக்கே அதுல நம்பிக்கை இருக்காது. போடாம விட்டா பொய்யா, போட்டா பொய்யான்னு தெரியாம போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்.

சீயோன்வாசல்:
சிஸ்டர், பேதுரு கடலில் அமிழ்ந்தப்போ "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்"ன்னு ஆண்டவரே கேட்டார். இதுல என்ன பிரிச்சுப் பேசறது? அரைமனசோட சாட்சி சொன்னா யார் கேப்பா? நான் சனிக்கிழமை தவறாம தாம்பரம் பீச் மின்சார ரயில்ல கைப்பிரதி கொடுக்கறேன். திட்டுவாங்க, கிழிச்சுப் போடுவாங்க. ஒருத்தர் என் கண்ணு முன்னாடியே கசக்கி ஜன்னல் வழியா எறிஞ்சார். எனக்குள்ள ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தா அடுத்த பெட்டிக்கு ஏறியிருப்பேனா?

நாசரேத்தான்:
மத்தேயு 28:17. கலிலேயா மலையில், உயிர்த்த ஆண்டவருக்கு முன்னால், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". அடுத்த மூச்சில் அந்தப் பதினொரு பேரையும் பார்த்துத்தான் புறப்பட்டுப் போங்கள் என்கிறார். சந்தேகப்பட்டவனெல்லாம் இந்தப் பக்கம் நில் என்று பிரித்து நிறுத்தவில்லை. உங்கள் ரயில் ஊழியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தோமா தொட்டான் என்பதற்கு வசனம் கேட்டேன். இன்னும் வரவில்லை.

சீயோன்வாசல்:
1 யோவான் 1:1. "எங்கள் கைகளினாலே தொட்டதுமாயிருக்கிற ஜீவவார்த்தை." எழுதினது அதே யோவான். போதுமா?

நாசரேத்தான்:
"எங்கள்" என்பதில் தோமாவின் விரல் எங்கே இருக்கிறது? லூக்கா 24-இல் எல்லாரையும் பார்த்து "என்னைத் தொட்டுப்பாருங்கள்" என்றார். அங்கே யாராவது தொட்டிருக்கலாம். நான் கேட்பது தோமா. தோ மா.

இன்னொன்று. மற்ற பத்துப் பேரும் எப்படி நம்பினார்கள்? 20:20-இல் கைகளையும் விலாவையும் காண்பித்தார், கண்டு சந்தோஷப்பட்டார்கள். ஆண்டவர் உயிர்த்தார் என்று பெண்கள் வந்து சொன்னபோது அது அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றிற்று என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அவர்களும் பார்த்துத்தான் நம்பினார்கள். தோமா கேட்டது அவர்களுக்குக் கிடைத்த அதே பங்கைத்தான். அவன் ஒருவனுக்கு மட்டும் 2,000 வருஷமாக "சந்தேகத் தோமா" என்று பட்டப்பெயர். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவன் யார்? யோவான் 11:16. இதை எந்த உபவாசக் கூட்டத்திலாவது பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா?

முன்பு ஜெபித்தவன்:
நான் இப்போ எந்தச் சபைக்கும் போறதில்லை. ஆனா இந்த அதிகாரம் மனப்பாடம். அப்பாவுக்கு 14 மாசம் டயாலிசிஸ் ஓடிச்சு. வாரம் மூணு நாள், நாலு நாலு மணி நேரம். வெளிய நீல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து இதையேதான் படிப்பேன். "எட்டுநாளைக்குப்பின்பு" கதவு பூட்டியிருக்கும்போதே மறுபடி வந்தார்னு இருக்குல்ல, அங்க வந்ததும் நிறுத்திடுவேன். ஒருத்தன் கேட்டான்னு அவனுக்காகத் திரும்பி வந்தார். அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. நான் இன்னும் கதவைப் பூட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். தொட்டாரா தொடலையாங்கறது எனக்கு ஒண்ணுமே இல்லை. வந்தாரே, அதுதான்.

சீயோன்வாசல்:
பிரதர், உங்களுக்காக ஜெபிக்கறேன். ஆனா உண்மையைச் சொல்லணும். அந்த 14 மாசமும் சந்தேகமில்லாம விசுவாசத்துல நின்னிருந்தீங்கன்னா காரியம் மாறுதலா முடிஞ்சிருக்கும். யாக்கோபு 1:6, "எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்".

உப்பளக்காற்று:
இது ரொம்பத் தப்பு. அப்பாவை இழந்தவர்கிட்ட உன் விசுவாசம் பத்தலைன்னு சொல்றதா? யாக்கோபு அங்க ஞானத்தைக் கேட்கறதைப் பத்திச் சொல்றார், அஞ்சாம் வசனத்தைப் பாருங்க. மாற்கு 9-ல பிள்ளையோட தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு அழுதார். உன் விசுவாசம் முழுசாகட்டும், அப்புறம் வான்னு ஆண்டவர் அவரை அனுப்பிவிட்டாரா?

சீயோன்வாசல்:
நான் வசனத்தைத்தான் சொன்னேன். வசனம் குத்தினா அதுக்கு நான் பொறுப்பில்லை.

நாசரேத்தான்:
வசனத்தைச் சொல்பவர் தொட்டான் என்பதற்கும் ஒரு வசனம் சொல்லலாமே. போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் விவாதத்திலும் இப்படித்தான். எரேமியா 10-ஐத் தூக்கிப்போட்டுவிட்டு, அது விக்கிரகம் செய்வதைப் பற்றியது என்று நான் காட்டியதும் மூன்று வாரம் உங்களைக் காணோம்.

சீயோன்வாசல்:
மூணு வாரம் நான் வடக்கே ஊழியத்துக்குப் போயிருந்தேன். சாவு வீட்டுக்குப் போனாலும் கணக்கு நோட்டை மறக்காத ஆள் நீங்க.

பரங்கிமலை அந்தோணி:
கரவாஜ்ஜோ வரைஞ்ச படத்தைப் பாருங்க. ஜெர்மனியில பாட்ஸ்டாம்ல இருக்கு. ஆண்டவரே தோமையாரோட மணிக்கட்டைப் பிடிச்சு விரலைக் காயத்துக்குள்ள வைக்கறார். தோமையார் நெத்தியில சுருக்கம், சட்டைத் தோள்ல தையல் விட்டிருக்கு. சும்மா பார்த்துட்டு நின்ன ஆளை யாராவது அப்படி வரைவாங்களா? அந்தியோக்கியா இஞ்ஞாசியாரும் சிமிர்னா சபைக்கு எழுதின கடிதத்துல "தொட்டார்கள், விசுவசித்தார்கள்"னு எழுதறார். அவர் திருத்தூதர்களுக்கு அடுத்த தலைமுறை.

நாசரேத்தான்:
இஞ்ஞாசியார் சொல்வது பேதுருவையும் கூட இருந்தவர்களையும். தோமா பெயரே அங்கே இல்லை. 1,500 வருஷத்துக்கு மேல் கழித்து இத்தாலியில் ஒருவர் வரைந்த படம் சாட்சி ஆகாது. நல்ல படம், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பாடசாலையிலும் ஃப்ளானல் துணியில் ஒட்டிக் காட்டுகிற படம் ஒன்று இருந்தது. அதிலும் தோமா விரலை நீட்டிக்கொண்டுதான் நிற்பான். பத்து வருஷம் அதையே ஒட்டி நானும் பிள்ளைகளுக்குத் தொட்டான் என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பைபிள்ல அப்படி இல்லையே" என்றான். "உட்காருல" என்றேன். வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிறுவரை காத்திருந்தேன். அவன் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வரலாற்றுக்கேள்வி:
தொட்டது இருக்கட்டும், அவர் பரங்கிமலைக்கு வந்ததுக்கே ஆதாரம் இல்லையே. தோமா நடபடிகள்ங்கற நூல் 3-ஆம் நூற்றாண்டு, சிரியாக் மொழி. அவர் கல்லறை இருக்கறதா நீங்க சொல்ற மயிலாப்பூர் அதுல கிடையாது. மலைமேல இருக்கற கோயில் போர்ச்சுக்கீசியர் 1523-ல கட்டினது. "ரத்தம் சிந்தின சிலுவை" 1547-ல தோண்டி எடுத்தது, அதுல இருக்கறது பாரசீக நாட்டு பஹ்லவி எழுத்து. முதல் நூற்றாண்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பரங்கிமலை அந்தோணி:
வந்துட்டாரய்யா. சிலுவையைச் செதுக்கினது தோமையார்னு நான் எப்ப சொன்னேன்? போர்ச்சுக்கீசியன் வர்றதுக்கு முன்னாடியே மார்க்கோ போலோ இந்தக் கரையில தோமையார் கல்லறையைப் பத்தி எழுதி வச்சிருக்கார். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவங்க வாஸ்கோ ட காமா வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே அங்க இருக்காங்க. அவங்க எங்கிருந்து முளைச்சாங்க?

வரலாற்றுக்கேள்வி:
மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டு. தோமா எலும்பு இத்தாலியில ஓர்தோனாவுல இருக்குன்னு அங்க இருக்கறவங்க சொல்றாங்க, 1258-ல கொண்டுவந்ததாம். அதுக்கு முன்னாடி, இப்போ துருக்கியில இருக்கற எதேசாவுல இருந்ததாம். ஒரு ஆளுக்கு எத்தனை கல்லறை?

பரங்கிமலை அந்தோணி:
எதேசாவுக்கே இந்தியாவுல இருந்துதான் போச்சுன்னு அவங்களே சொல்றாங்க, அதைப் படிங்க.

நாசரேத்தான்:
கல்லறையைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே நான் தொடங்கின கேள்வி ஒன்றுதான்.

முன்பு ஜெபித்தவன்:
சார், நான் ஒண்ணு கேக்கறேன். அந்தத் துப்பட்டாப் பிள்ளை. கூட்டம் முடிஞ்சதும் அதுகிட்ட போய், தோமா தொடலைம்மா, உன் கேள்வியில தப்பில்லைன்னு சொன்னீங்களா?

நாசரேத்தான்:
சொல்லவில்லை. சொந்தக்காரர் வண்டியை எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளையும் அம்மாவோடு வேகமாகப் போய்விட்டது. அதற்கும் தோமா தொட்டானா என்பதற்கும் சம்பந்தமில்லை. வசனம் கேட்டேன்.

உப்பளக்காற்று:
சம்பந்தம் இருக்கு அண்ணாச்சி.

சீயோன்வாசல்:
நீங்க போய்ச் சொல்லலை. அந்த ஊழியக்காரர் நின்னு சொன்னார். தப்பாவே சொல்லியிருந்தாலும் வாயைத் திறந்து சொன்னார். ஆண்டவர் போடுன்னார், தோமா போட்டார். அவ்வளவுதான்.

நாசரேத்தான்:
"போட்டான்" என்று எந்த வசனம்? அதிகாரம், எண். இரண்டு மட்டும் போதும்.

பரங்கிமலை அந்தோணி:
போட்டார்.

நாசரேத்தான்:
வசனம்?

பரங்கிமலை அந்தோணி:
"போட்டார்"னு மரியாதையா எழுதுங்கன்னு சொன்னேன். அந்த ஓர்தோனா ஆள் எங்கே போனார்? மார்க்கோ போலோவுக்கு இன்னும் பதில் வரலை.