வண்டலூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

லாஸ்பேட்டை அம்மா:
காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். மூத்தவள் நான்காம் வகுப்பு, இளையவன் யுகேஜி. விலங்கை அடைத்து வைத்து வேடிக்கை பார்ப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கக் கூடாது என்று என் கணவர் தடுக்கிறார். அழிந்துவரும் இனங்களைக் காக்கும் இடத்தை வெறும் காட்சிக்கூடமாகக் கருத முடியாது என்பது என் எண்ணம். புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பெற்றோர் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள் அம்மா. 1855இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த நெருக்கடியான இடத்தில் நெடுங்காலம் இருந்த பூங்கா, 1985இல் வண்டலூரின் பரந்த காட்டு நிலத்துக்கு மாற்றப்பட்டதற்கே காரணம், கம்பிக் கூண்டுக்குள் விலங்கை வைக்கும் பழைய முறை போதாது என்று உணர்ந்ததுதான். அங்கே முதலில் சிங்கவால் குரங்கைக் காட்டுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. அதைக் காக்கும் இனப்பெருக்கத் திட்டத்தில் வண்டலூருக்கு முதன்மையான பங்கு உண்டு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தின் முகமாக இருந்ததும் இந்தக் குரங்குதான். மரத்தின் உச்சிக் கிளைகளிலேயே பெரும்பாலும் வாழும் அதைக் கடலூர்ப் பிள்ளை ஒன்று காட்டில் பார்ப்பது அரிதிலும் அரிது. பார்க்காத உயிருக்காக யார் பரிந்து பேசுவார்கள்?

பாகூர்க்காரன்:
ஆசிரியர் ஐயா சொன்ன வரலாறு சரி, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. பார்த்தால்தான் பரிவு வரும் என்பது உண்மையானால், பாறுக் கழுகுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகளை யார் காப்பாற்றினார்கள்? மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் அவற்றைப் பெருக்குவதற்கென ஒரு மையம் இயங்குகிறது. அந்தக் கூண்டுகளின் முன்னால் டிக்கெட் வாங்கிய கூட்டம் நிற்பதில்லை, நிற்கவும் கூடாது, ஏனென்றால் ஆள் நடமாட்டம் குஞ்சு பொரிப்பதையே கெடுத்துவிடும். ஆக, இனத்தைப் பெருக்கும் பணி வேறு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் காட்டும் பணி வேறு. இரண்டாவதை நடத்திக்கொண்டு முதலாவதன் பெயரைச் சொல்லக் கூடாது.

வண்டலூரில் கூட்டம் நிற்பது சிங்கவால் குரங்கின் முன்னாலா, வெள்ளைப்புலியின் முன்னாலா என்று ஆசிரியரே சொல்லட்டும். வெள்ளைப்புலி தனி இனமன்று. வங்கப்புலியில் நிறமியைக் குறைக்கும் ஒரு மரபணுவின் விளைவு மட்டுமே. 1951இல் ரேவா மன்னர் பிடித்த மோகன் என்ற ஒற்றை ஆண் குட்டியை அதன் மகளோடே இணை சேர்த்து உண்டாக்கிய வழியில்தான் இன்று கூண்டுகளில் உள்ளவை பெரும்பாலும் வந்தன. மாறுகண் அந்த நிறமி மரபணுவோடே சேர்ந்து வருவது; அவற்றிடம் உள்ள வேறு பல குறைகளுக்கு இந்த நெருங்கிய உறவுக் கலப்பே காரணம். இதில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது?

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
வெள்ளைப்புலியைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, அதற்காக வாதாடவும் மாட்டேன். ஆனால் அதை வைத்துப் பூங்கா முழுவதையும் தள்ளுவது முறையன்று. 1998இல் சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் ஆட்டுவிப்பதை மத்திய அரசு தடை செய்தபோது, அந்த விலங்குகள் எங்கே போயிருக்கும்? குட்டியிலிருந்து மனிதன் கையால் தின்ற சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வண்டலூரில் உள்ளதுபோன்ற மீட்பு மையங்கள் இல்லையென்றால் அவற்றுக்குச் சாவுதான்.

அடைத்து வைப்பதே தவறு என்றால் நாம் பூங்கா வாசலில் தொடங்கக் கூடாது. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது சரிந்து இறந்தபோது புதுச்சேரியே திரண்டு அழுதது. யானைக்குப் பூங்காவின் இடம் போதாது, அவற்றை வனப்பகுதி யானை முகாம்களுக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இலேயே முடிவெடுத்திருந்தது. கடைத்தெருவில் தார்ச்சாலை மீது யானை நிற்பதை நாமெல்லோரும் கைகூப்பிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்?

பாகூர்க்காரன்:
ஒரு தவறு இன்னொரு தவறுக்குச் சாட்சியாகாது, ஐயா. மீட்பு மையம் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டையில்லை. அங்கே உள்ளவற்றைக் காட்சிப்பொருளாக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

வில்லியனூர் தாத்தா:
இருவரும் பிள்ளைகளை மறந்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் மகளே. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் போகும் பயணம் சிறியவனுக்கு நீண்டது. விடியற்காலையில் புறப்பட்டால்தான் விலங்குகள் உலவும் நேரத்தில் உள்ளே இருக்கலாம், உச்சிவெயிலில் எல்லாம் நிழலில் படுத்துவிடும். படுத்த புலியை எழுப்பக் கல் எறிவதும் கூச்சலிடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம். முறுக்கு, கடலை எதையும் போடுவதும் அப்படியே. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே என்பதை உங்கள் பிள்ளைகள் அங்கே தாமாகவே கண்டுகொள்வார்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
அனைவருக்கும் நன்றி. பாகூர்க்காரர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். போக வேண்டாம் என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இதை வேறு எங்கே காட்டுவது? காணொளியில் பார்த்ததையெல்லாம் அவள் கார்ட்டூனோடு சேர்த்தே மறந்துவிடுகிறாள்.

பாகூர்க்காரன்:
சகோதரி, உங்கள் வீட்டிலிருந்து எளிதில் எட்டும் தொலைவில் ஊசுடு ஏரி இருக்கிறது. மரக்காணம் பக்கம் கழுவெளி என்ற பெரிய ஈரநிலம் இருக்கிறது. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். சிதம்பரத்தைத் தாண்டிப் பிச்சாவரம் இருக்கிறது. 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுரபுன்னை என்ற அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே படகில் போகும்போது நண்டும் கொக்கும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம்மைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நம் கடற்கரையிலேயே பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இவற்றில் எதையும் பார்க்காமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சிங்கத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, இயற்கை என்பது வெளியூரில் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பொருள் என்ற எண்ணமே பதியும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
பிச்சாவரம், கழுவெளி பற்றிய பேச்சில் நானும் உங்கள் பக்கமே. எனினும் ஒன்றைச் சேர்க்கிறேன். 1970களில் இந்திய ஆறுகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்த கரியல் என்ற நீள்மூக்கு முதலையை, 1975இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஓரளவு வளர்த்து, சம்பல் ஆற்றில் விட்டார்கள். ஏரிக்கரையில் நின்று பார்ப்பதால் மட்டும் அந்த இனம் மீண்டிருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணைக்குப் போனால் கரியலையும் அதன் நீண்ட மூக்கையும் பிள்ளைகள் நேரில் காணலாம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை.

பாகூர்க்காரன்:
கரியல் கதை எனக்கும் பிடித்தது, ஏனென்றால் அதன் முடிவில் அந்த முதலை ஆற்றில் இருக்கிறது. சகோதரி, போவதென்று முடிவு செய்துவிட்டால் ஒவ்வோர் அடைப்பிடத்தின் முன்னாலும் மகளை ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இது ஏன் இங்கே இருக்கிறது? சிங்கவால் குரங்குக்கும் சர்க்கஸிலிருந்து வந்த சிங்கத்துக்கும் ஆசிரியர் விடை தந்துவிட்டார். வெள்ளைப்புலிக்கு என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
அவரையே வண்டி ஓட்டச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை புறப்படுகிறோம். வெள்ளைப்புலிக்கான விடையை அவரே சொல்லட்டும். கழுவெளிக்குப் பூநாரைகள் எந்த மாதம் வந்து சேரும் என்று யாராவது எழுதுங்கள்.