போகிமான் ஃபயர்ரெட்: எட்டு பேட்ஜ்களும் கிடைத்துவிட்டன, எலைட் ஃபோரைத் தாண்ட முடியவில்லை. வழி சொல்லுங்கள்

குடியாத்தத்துக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பழைய கேம்பாய் அட்வான்ஸ் கருவியில் போகிமான் ஃபயர்ரெட் ஆடி வருகிறேன். பேலட் டவுனில் சார்மாண்டரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கி, பேட்ஜ் தரும் எட்டு ஜிம்களையும் வென்று, விக்டரி ரோடு குகையைக் கடந்து எலைட் ஃபோர் எனப்படும் நான்கு இறுதி எதிராளிகள் இருக்கும் இண்டிகோ பீடபூமி வரை வந்துவிட்டேன். ஆட்டம் இங்கேயே நிற்கிறது. பெரும்பாலும் முதலாமவரான லொரெலையிடமே தோற்கிறேன். மருந்துகளை எல்லாம் கொட்டி அவரையும் புரூனோவையும் அகத்தாவையும் தாண்டினாலும் லான்ஸிடம் அணி முழுவதும் விழுந்துவிடுகிறது.

என் அணி, லெவலோடு: சாரிசார்ட் 62, பிட்ஜியாட் 40, கியாரடோஸ் 38, ஹிட்மான்சான் 37, கடாப்ரா 36, ஸ்நார்லாக்ஸ் 30. லாப்ரஸ் ஒன்று கணினிப் பெட்டியில் 25ஆம் லெவலிலேயே இருக்கிறது. எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் இன்னும் கையில் உள்ளது.

எனக்குப் புரியாத செய்தி ஒன்று உண்டு. கியாரடோஸ் மிக வலிமையானது என்று எல்லாக் காணொளிகளிலும் சொல்கிறார்கள். ஆனால் நான் அதற்குக் கற்றுக்கொடுத்த சர்ஃப் என்ற நீர்த் தாக்குதல், எதிரியை லேசாகத்தான் பாதிக்கிறது. ஹிட்மான்சானின் ஐஸ் பஞ்ச் லான்ஸின் டிராகனேர் மீது பட்டதும் 'சூப்பர் எஃபெக்டிவ்' என்று திரையில் வருகிறது, ஆனால் அதன் உயிர்க்கோடு சிறிதளவே குறைகிறது. இது பழைய பொருள் கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் என்பதால், அதில் ஏதும் கோளாறு இருக்குமோ என்ற ஐயமும் இருக்கிறது. ஒவ்வொரு தோல்வியிலும் பணம் வேறு குறைந்துகொண்டே போவதால் மருந்து வாங்கவும் வழியில்லை. முதலிலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழியா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரணி ரோடு:

தம்பி, நான் உன் இடத்தில் இருந்தால் புல் வகையான பல்பசாரை வைத்துப் புதிதாகத் தொடங்குவேன். முதல் இரண்டு ஜிம் தலைவர்களான புரொக்கின் பாறைப் போகிமான்களும் மிஸ்டியின் நீர்ப் போகிமான்களும் புல் வகைத் தாக்குதலுக்கு முன் நிற்பதில்லை என்பதால், தொடக்கத்திலேயே அணியைச் சீராக வளர்க்க நேரம் கிடைக்கும். ஒரே போகிமானை மட்டும் வளர்த்துக் கொண்டுவந்த ஆட்டம் கடைசியில் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

காட்பாடி ஜங்ஷன்:

ஆரணி அண்ணன் பல்பசாரைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையே இல்லை. இப்போது கையில் இருப்பதை வைத்தே வெல்லலாம். உங்கள் கார்ட்ரிட்ஜிலும் கோளாறு இல்லை. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றே. அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் எஞ்சிய முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

ஃபயர்ரெட் 2004இல் வந்த ஆட்டம். அன்றைய விதிப்படி ஒரு தாக்குதல் எதிரியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணக்கிட அட்டாக் எண்ணை எடுப்பதா, ஸ்பெஷல் அட்டாக் எண்ணை எடுப்பதா என்பதைத் தாக்குதலின் வகையே முடிவு செய்யும். நெருப்பு, நீர், புல், மின்சாரம், பனி, சைக்கிக், டிராகன், டார்க் ஆகிய எட்டு வகைகளும் எப்போதும் ஸ்பெஷல் அட்டாக்கை மட்டுமே பார்க்கும். நார்மல், சண்டை, பறத்தல், நஞ்சு, தரை, பாறை, பூச்சி, ஆவி, எஃகு ஆகியவை அட்டாக்கைப் பார்க்கும். கையால் குத்தினாலும் கடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 2006இல் வந்த டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில்தான் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாக இதை வகுத்தார்கள். நீங்கள் பார்க்கும் காணொளிகளில் பல அதற்குப் பிந்தைய விதிகளை மனத்தில் வைத்துப் பேசுபவை.

இப்போது உங்கள் அணியைப் பாருங்கள். கியாரடோஸின் அடிப்படை அட்டாக் 125, ஆனால் ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. ஆகவே அது வீசும் சர்ஃப் அந்த 60ஐ நம்பித்தான் இருக்கிறது. ஹிட்மான்சானின் நிலை இன்னும் மோசம்: அட்டாக் 105, ஸ்பெஷல் அட்டாக் 35. ஐஸ் பஞ்ச், தண்டர் பஞ்ச், ஃபயர் பஞ்ச் மூன்றும் அந்த 35ஐக் கொண்டே கணக்கிடப்படுவதால், இரு மடங்கு பாதிப்பு என்று திரை சொன்னாலும் உண்மையில் விழும் அடி சிறியதே. மாறாக உங்கள் சாரிசார்டின் ஸ்பெஷல் அட்டாக் 109 என்பதால் அதன் நெருப்பு நன்றாகவே சுடுகிறது. கடாப்ராவுக்கோ 120. நீங்கள் அதிகம் பயன்படுத்தாத கடாப்ராதான் உங்கள் அணியின் மிகக் கூர்மையான ஆயுதம்.

ஆகவே என் கருத்து இது. கியாரடோஸையும் ஹிட்மான்சானையும் பெட்டியில் வைத்துவிட்டு, லாப்ரஸை வெளியே எடுங்கள். 31ஆம் லெவலில் அது ஐஸ் பீம் கற்றுக்கொள்ளும். லான்ஸின் 60ஆம் லெவல் டிராகனைட் டிராகனும் பறத்தலும் சேர்ந்தது என்பதால் பனித் தாக்குதல் அதன்மேல் நான்கு மடங்காக விழும். லொரெலையின் பனித் தாக்குதல் லாப்ரஸைக் கால் பங்கும், நீர்த் தாக்குதல் அரைப் பங்குமே பாதிக்கும். இவ்வளவு உதவியான ஒன்றைச் சில்ஃப் கட்டடத்தில் இலவசமாகவே தருகிறார்கள்; அதைப் பெட்டியில் உறங்க விடுவது பெரிய இழப்பு.

அடுத்தது ஜாப்டோஸ் என்ற மின்சாரப் பறவை. ராக் டனலின் வடக்கு வாயிலுக்கு அருகே, ரூட் 10இல் சர்ஃப் செய்து இறங்கினால் பவர் பிளாண்ட் வரும். அதன் உள்ளே 50ஆம் லெவலில் நிற்கிறது. நெருங்குவதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். மாஸ்டர் பாலை அங்கே செலவிட வேண்டாம் என்பேன். அல்ட்ரா பால்களும் பொறுமையும் போதும். இதில் ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. பிடிக்கும்போது ஜாப்டோஸிடம் இருக்கும் நான்கில் டிரில் பெக் மட்டுமே நேரடித் தாக்குதல். மின்சாரத்தால் அடிக்கும் தாக்குதல் ஒன்றும் இராது. லெப்டினன்ட் சர்ஜை வென்றபோது கிடைத்த டிஎம்34 (டிஎம் என்பது தாக்குதலைக் கற்றுத்தரும் பொருள்), அதாவது ஷாக் வேவ் என்ற மின்சாரத் தாக்குதல், உங்கள் பையில் இன்னும் இருந்தால் அதை இதற்குக் கற்றுக்கொடுங்கள். இந்த ஆட்டத்தில் டிஎம் ஒருமுறைதான் பயன்படும் என்பதால் வேறு எதற்கும் கொடுத்துவிட வேண்டாம். தண்டர்போல்ட் வேண்டுமானால் செலடான் கேம் கார்னரில் 4000 காயின்கள். காயினைப் பணத்துக்கு வாங்கினால் 80,000 ஆகும்.

கடைசி ஜிம் தலைவர் ஜியோவானி தந்த டிஎம்26, எர்த்குவேக், ஸ்நார்லாக்ஸுக்குப் பொருந்தும். அதன் அட்டாக் 110. தரை வகை அட்டாக்கைப் பார்க்கும் வகை. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அகத்தாவின் கெங்கார்களிடம் அதை வீச வேண்டாம். லெவிடேட் என்ற மிதக்கும் திறன் இருப்பதால் படவே படாது. அவற்றுக்குக் கடாப்ராவின் சைக்கிக்தான் மருந்து.

சத்துவாச்சாரி டீச்சர்:

காட்பாடி சகோதரர் விளக்கியதோடு நானும் சிலவற்றைச் சேர்க்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் விடுமுறையில் இந்த ஆட்டத்தை முடிக்கும்வரை அருகில் அமர்ந்து பார்த்தவள் என்பதால், பணப் பிரச்சினை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஃபயர்ரெட்டில் தோற்றால் இழக்கும் தொகை, உங்கள் அணியில் மிக உயர்ந்த லெவலையும் பேட்ஜ் எண்ணிக்கையையும் பொறுத்தது. எட்டு பேட்ஜ்கள் இருக்கும்போது அந்த லெவலை 120ஆல் பெருக்கிய தொகை போகும். சாரிசார்ட் 62 என்பதால் உங்களுக்கு ஒரு தோல்வியின் விலை 7440. அங்கே ஒரு ஃபுல் ரிஸ்டோர் 3000, ஒரு ரிவைவ் 1500. மற்ற ஐந்தும் பின்தங்கியிருக்க ஒன்று மட்டும் உயர்ந்து நிற்பதால், தோல்வி மலிவாகவும் இல்லை, வெற்றி எளிதாகவும் இல்லை. ஆறுதலான செய்தி, தோற்றாலும் அதுவரை பெற்ற எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளிகள், அப்படியே இருக்கும்.

வெர்மிலியன் போகிமான் சென்டரில் ஒரு பெண்மணி விஎஸ் சீக்கர் தருவார். 100 அடி நடந்தால் அது நிரம்பும். அதைக் கொண்டு சாலையில் ஏற்கெனவே வென்ற பயிற்சியாளர்களை மீண்டும் சண்டைக்கு அழைக்கலாம். ரூட் 16இல் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர், 40 வகைகளைப் பிடித்தவருக்கு அமுலெட் காயின் தருகிறார். அதை ஏந்திய போகிமான் சண்டையில் இறங்கினால் பரிசுப் பணம் இரட்டிப்பாகும். ரூட் 15இல் 50 வகைகளுக்கு, சண்டையில் இறங்காத போகிமானுக்கும் எக்ஸ்பி பகிர்ந்து தரும் எக்ஸ்பி ஷேர் கிடைக்கும். இந்த இரண்டையும் வாங்கிய பிறகு பயிற்சியைத் தொடங்குவது நல்லது. விக்டரி ரோட்டில் சாரிசார்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, லாப்ரஸையும் கடாப்ராவையும் முன்னால் நிறுத்தி வளருங்கள். ஆறும் 50ஐத் தாண்டினால் போதும் என்பது என் அனுபவம்.

ஆம்பூர் நண்பன்:

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதே ஆட்டத்தில் எனக்கு வேறொரு தடை. கைப்பேசியில் எமுலேட்டர், அதாவது கேம்பாய் கருவியைப் போலவே இயங்கும் செயலி வழியாக ஆடுகிறேன். சேவ் செய்யப் போனால் '1எம் சப் சர்க்கியூட் போர்டு பொருத்தப்படவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. இது எதனால்?

காட்பாடி ஜங்ஷன்:

ஆம்பூர் நண்பரே, ஃபயர்ரெட் சேவ் செய்வதற்கு 1 மெகாபிட், அதாவது 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தை எதிர்பார்க்கிறது. உங்கள் எமுலேட்டர் 64 கிலோபைட் என்று அமைத்திருக்கும். அமைப்புகளில் சேவ் வகையை ஃபிளாஷ் 128கே என்று மாற்றி, ஆட்டத்தை மூடி மீண்டும் திறந்தால் சரியாகிவிடும்.

குடியாத்தத்துத் தம்பியும் தம் கார்ட்ரிட்ஜை இந்த நோக்கில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். போலிக் கார்ட்ரிட்ஜ்கள் கடைசி வெற்றிக்குப் பின் ஹால் ஆஃப் ஃபேம் பதிவாகும்போது சேவ் கோப்பை இழந்துவிடுவது உண்டு. அவ்வளவு உழைத்துவிட்டு அதைப் பார்ப்பது கொடுமை. அசலில் தங்கநிற முனைகளுக்குச் சற்று மேலே, பலகையில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரியும். முகப்பு லேபிளில் இரண்டு இலக்க எண் அழுத்தப்பட்டிருக்கும். ஃபயர்ரெட் சேவுக்கு பேட்டரி தேவையில்லை என்பதால், உள்ளே சேவுக்கென பேட்டரி இருந்தால் ஐயப்படலாம்.

குடியாத்தத்துக்காரன்:

அண்ணா, டீச்சர், இருவருக்கும் மிக்க நன்றி. எழுத்தும் எண்ணும் இருக்கின்றன, கார்ட்ரிட்ஜ் அசல்தான். நீங்கள் சொன்னபடி ஷாக் வேவை ஜாப்டோஸுக்குக் கொடுத்தேன். நேற்று இரவு லொரெலையின் ஸ்லோபுரோவும் கிளாய்ஸ்டரும் அதன்முன் நிற்கவில்லை. டியூகாங்கும் லாப்ரஸும் ஐஸ் பீம் வீசியபோது மட்டும் என் லாப்ரஸை உள்ளே அனுப்பித் தாங்கினேன். ஜின்க்ஸைச் சாரிசார்ட் எரித்தது. லான்ஸின் கியாரடோஸ் ஒரே ஷாக் வேவில் விழுந்ததைக் கண்டபோது, வகைக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று கண்கூடாகப் புரிந்தது. சாம்பியனாக நின்ற போட்டியாளரின் பிளாஸ்டாய்ஸ் 63ஆம் லெவல். அதையும் ஜாப்டோஸே முடித்தது. பெயர்கள் ஓடி முடிந்து, சேவும் பத்திரமாக இருக்கிறது.

இப்போது அடுத்த ஐயம். செருலியன் குகையின் வாயிலில் நிற்பவர் இன்னும் விடவில்லை. என் கோல்பாட்டும் பரிணாமம் அடையத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

காட்பாடி ஜங்ஷன்:

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. உங்கள் இரண்டு கேள்விகளும் நேஷனல் டெக்ஸ் என்ற விரிவான போகிமான் பட்டியலோடு தொடர்புடையவை. 60 வகைகளைப் பிடித்திருந்தால் பேராசிரியர் ஓக் அதைத் தருவார். அது வரும்வரை, இந்த ஆட்டம் நடக்கும் கான்டோ பகுதியின் 151க்கு வெளியே உள்ள வடிவங்களுக்கு எந்தப் போகிமானும் மாறாது; கோல்பாட் குரோபாட்டாக மாறாததன் காரணம் அதுவே. பிறகு ஒன் ஐலண்டில் உள்ள செலியோவுக்கு ரூபி, சஃபையர் என்ற இரண்டு கற்களையும் தேடிக் கொடுத்து, அவருடைய இயந்திரத்தை முடிக்க உதவ வேண்டும். அது முடிந்ததும் குகைக் காவலர் விலகுவார். உள்ளே 70ஆம் லெவலில் மியூடூ இருக்கிறது. மாஸ்டர் பாலை வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று. ஃபயர்ரெட்டில் மட்டுமே ஆடினால் டெக்ஸ் நிறைவடையாது. சான்ட்ஷ்ரூ, வல்பிக்ஸ், பெல்ஸ்பிரவுட், ஸ்லோபோக், மாக்மர், பின்சிர் ஆகியவை இதன் இணை ஆட்டமான லீஃப்கிரீனில்தான் காட்டில் கிடைக்கும். எக்கன்ஸ், குரோலித், சைதர் உங்களிடம்தான் கிடைக்கும். கடாப்ரா, மச்சோக், ஹான்டர், கிராவலர் நான்கும் பரிமாற்றத்தில்தான் இறுதி வடிவத்தை அடையும். என்னிடம் அசல் லீஃப்கிரீன் உள்ளது. குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்துவிட்டால், அங்கிருந்து பஸ்ஸில் வேலூர்க் கோட்டைப் பூங்காவுக்கு வாருங்கள். ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் அமரலாம். கடாப்ராவை எனக்கு அனுப்புங்கள், அலகசாமாக மாறியதும் திருப்பித் தருகிறேன்.

ஆரணி ரோடு:

நானும் வருகிறேன். என்னிடம் இருக்கும் ஹான்டர் கெங்காராவதற்கு ஆளின்றிக் காத்திருக்கிறது.

குடியாத்தத்துக்காரன்:

கண்டிப்பாக வருகிறேன், அண்ணா. லிங்க் கேபிள் என்னிடம் இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:

கேபிள் நான் கொண்டுவருகிறேன். உங்கள் கருவி பழைய மாடல் என்றால் புதிய இரண்டு ஏஏ பேட்டரிகளைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பரிமாற்றத்தின்போது ஆட்டம் தானாகவே சேவ் செய்யும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றாலோ கேபிள் கழன்றாலோ போகிமானுக்கு ஆபத்து.